‘இருபயன்’ என்னும் கருத்து: விமான மின்னியக்கமும் யாழ்ப்பாண அனுபவமும்

1

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் 1985ஆம் ஆண்டின் பின்னர் தம் தலைக்குமேற் பறந்த விமானங்களுக்கு இட்டு வழங்கிய பெயர்கள் தனியே தொகுத்து ஆராயப்பட வேண்டியவை. ‘சியாமாசெட்டி’, ‘புக்காரா’, ‘கிபிர்’ என்பன உற்பத்தியாளர் இட்ட பெயர்கள் மக்கள் நாவிற் பெற்ற வடிவங்களாகும். ‘சகடை’ என்பது மக்களே ஆக்கிய பெயர். மெதுவாக வந்து வட்டமிடும் போக்குவரத்து விமானத்தை அது குறித்தது. பொதிகளையும் பயணிகளையும் ஏற்றுவதற்கென ஆக்கப்பட்ட விமானம் குண்டுவீச்சு விமானமாக மாறியமையை அப்பெயர் நினைவூட்டுகின்றது. அவ்ரோ 748 வகை விமானத்தில் எயார் சிலோன் நிறுவனம் இரத்மலானைக்கும் பலாலிக்குமிடையே பயணிகளை ஏற்றிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. பின்னர், அதே வகை விமானங்களிலிருந்து குடாநாட்டின்மீது குண்டுகள் உருட்டிவிடப்பட்டன.

இது ஒருபக்கத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. 2007 மார்ச் 26ஆம் தேதி கட்டுநாயக்கா வான்படைத் தளத்தின்மீது குண்டுவீசுவதற்கு விடுதலைப் புலிகள் பயன்படுத்தியது செக் நாட்டிற் செய்யப்பட்ட சிலின் என்னும் இலகுரக விமானத்தையாகும். அதுவும் போருக்கென ஆக்கப்பட்டதன்று.

ஒரே பொறி வாணிகத்திற்கும் போருக்கும் உதவும் இந்நிலையை உலக அரசுகளும் தொழில் நிறுவனங்களும் ‘இருபயன் தொழில்நுட்பம்’ எனக் குறிக்கின்றன. இன்று அவ்வகையில் முதன்மையாக வளர்ந்துவருவனவற்றுள் ஒன்று, விமானத்தின் அசையும் உறுப்புகளை மின்னாற் செயற்படுத்தும் முறையாகும். அம்முறை யாது, அது எவ்வாறு வளர்ந்தது என்பதை விளக்குவதும், ‘இருபயன்’ என்ற கருத்தினை எமது அனுபவத்தின் துணைகொண்டு பரிசீலிப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். இலக்கிய ஆய்வினைத் துறையாகக் கொண்ட நாம் பொறியியலிற் புகுவது பொருந்துமா என்ற வினா எழலாம். ஒரு சொல் எவருடைய வாயில் எப்பொருளைத் தருகின்றது என்பதை ஆராய்தல் எமது தொழில். ‘இருபயன்’ என்பது அவ்வகையில் ஆராயத்தக்கதொரு சொல்லே.

2

இயக்கி என்பது யாது? இதனை விளங்கிக்கொள்வதற்குக் குடாநாட்டின் பழைய துலாக் கிணற்றை நோக்குதல் தகும். துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்போர் சிலர். கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துத் தாழ்த்தி நீரைக் கவிழ்ப்பவர் ஒருவர். தோட்டத்தில் தண்ணீர் கட்டுபவர் மற்றொருவர். மிதிப்போரின் உடற்பாரமே இயக்கும் சக்தி. துலாவும் கொடியும் அச்சக்தியைக் கடத்துகின்றன. பட்டை வேலையைச் செய்கின்றது. வளர்ச்சியடைந்த இயந்திரத் தொகுதியை இயக்குபொறி, கடத்துபொறி, வேலைப்பொறி என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிற் பகுத்துக்காட்டினார். அப்பகுப்பினைத் துலாவிலும் ஓரளவு காணலாம்.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பட்டை பிடிப்பவர் குரல் கொடுக்கின்றார். மிதிப்போர் அதற்கேற்ப நடக்கின்றனர். குரல் கட்டளை, மிதி சக்தி. இவை இரண்டும் வேறுவேறானவை. விமானத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இறக்கையின் பின்விளிம்பிலும் வாற்பகுதியிலும் உள்ள கட்டுப்பாட்டுத் தளங்கள் அசைவதனாலேயே விமானம் எழுகின்றது, தாழ்கின்றது, திரும்புகின்றது. விமானியின் கைப்பிடியிலிருந்து செல்வது கட்டளை. பெருவேகத்தில் மோதும் காற்றை எதிர்த்து அத்தளத்தினை அசைப்பது சக்தி. கட்டளையைச் சக்தியாக மாற்றி, தளத்தை வேண்டிய அளவுக்கு அசைத்து நிறுத்தும் உறுப்பே இயக்கி எனப்படுகின்றது.

சிறிய விமானங்களிற் கம்பிவடங்களின் வழியாக விமானியின் கைப்பலமே இவ்வேலையைச் செய்கின்றது. விமானங்கள் பெருத்து வேகம் கூடியபோது மனித பலம் போதாதாயிற்று. அதற்குத் தீர்வாக வந்தது ‘ஐதரோலிக்’ எனப்படும் எண்ணெயமுக்க முறை. எஞ்சினாற் சுழற்றப்படும் பம்பி, எண்ணெயைச் சதுர அங்குலத்திற்கு 3000 இறாத்தல் அளவான அமுக்கத்தில் நீண்ட குழாய்களூடாக விமானம் முழுவதும் அனுப்புகின்றது. தளத்தின் அருகே உள்ள உருளையினுள் அவ்வெண்ணெய் புகுந்து ஆடுதண்டைத் தள்ளுகின்றது. குடாநாட்டின்மீது பறந்த கிபிர், மிக்-27 ஆகியவற்றின் கட்டுப்பாட்டுத் தளங்களை அசைத்ததும் எண்ணெயமுக்கமே.

கட்டளை மின்கம்பி வழியாகச் செல்லத் தொடங்கியது முதலாவது மாற்றம். சக்தியும் மின்கம்பி வழியாகவே செல்லத் தொடங்கியமை இரண்டாவது மாற்றம். இவ்விரண்டாவது மாற்றமே நாம் ஈண்டு மின்னியக்கம் எனக் குறிப்பது. அது இருவகைப்படும். ஒரு வகையில், தளத்தின் அருகிலேயே சிறு மின்மோட்டரும் சிறு பம்பியும் சிறிதளவு எண்ணெயும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன; நீண்ட குழாய்கள் தேவையில்லை. மற்றைய வகையில் எண்ணெயே இல்லை; மோட்டர் பற்சில்லுகளையும் திருகாணியையும் சுழற்றி நேரடியாகத் தள்ளுகின்றது.

3

எண்ணெயமுக்க முறை கைவிடப்பட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? முதலில் அது போர்க்களத்திலிருந்து வந்தது. வியட்நாம் மீது குண்டுவீசச் சென்ற ஐக்கிய அமெரிக்காவின் எஃப்-105 விமானங்களில் எண்ணெய்க் குழாய்கள் ஒன்றுக்கொன்று அண்மையாக அமைந்திருந்தன. நிலத்திலிருந்து சுடப்பட்ட சிறு குண்டுகள் அக்குழாய்களைத் துளைத்தபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. ஒரு வல்லரசின் வான்படைக்குத் தன் பொறியின் குறைபாட்டை உணர்த்தியது தன்னாட்டைக் காத்துநின்ற ஓர் ஏழை நாட்டு மக்களின் எதிர்ப்பே என்பது பொறியியல் நூல்களில் அதிகம் பேசப்படாத வரலாற்று உண்மையாகும்.

அடுத்துக் குடிசார் விபத்துகள் இதே குறையை வெளிக்கொணர்ந்தன. 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி யப்பானியப் பயணிகள் விமானமொன்றின் வாற்பகுதி உடைந்து நான்கு எண்ணெயமுக்கத் தொகுதிகளும் செயலிழந்தன. 520 பேர் மாண்டனர். 1989 ஜூலை 19ஆம் தேதி ஐக்கிய அமெரிக்காவின் சூ சிற்றியில் வீழ்ந்த டிசி-10 விமானத்தில் வால் எஞ்சின் சிதறி மூன்று தொகுதிகளையும் அறுத்தது. 112 பேர் இறந்தனர். 2003 நவம்பர் 22ஆம் தேதி பக்தாத்தில் ஏவுகணையாற் தாக்கப்பட்ட சரக்கு விமானமொன்று எண்ணெயமுக்கம் முழுவதையும் இழந்து, எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்துத் தரையிறக்கப்பட்டது. போரும் வாணிகமும் ஒரே விமானத்திற் சந்தித்த நிகழ்ச்சி அது.

தேவை இருசாராருக்கும் பொதுவாயிற்று. ஆனால் தொடக்கச் செலவு பெரும்பாலும் அரசின் போர்ச் செலவாகவே இருந்தது. ஐக்கிய அமெரிக்க வான்படை, கடற்படை, விண்வெளி நிறுவனமான நாசா ஆகியன இணைந்து 1990களில் எஃப்-18 விமானமொன்றில் மின்னியக்கிகளைப் பொருத்திப் பரிசோதித்தன. அவ்வழி வந்த எஃப்-35 போர்விமானம் 2006இல் முதன்முறை பறந்தது. இதற்கு முன்பே, 2005 ஏப்ரல் 27ஆம் தேதி பறந்த எயார்பஸ் ஏ380 பயணிகள் விமானம் மூன்று எண்ணெயமுக்கத் தொகுதிகளுக்குப் பதிலாக இரண்டு எண்ணெயமுக்கத் தொகுதிகளையும் இரண்டு மின்தொகுதிகளையும் கொண்டிருந்தது. 2011இற் சேவைக்கு வந்த போயிங் 787இன் சில்லுத் தடுப்புகளும் மின்னாற் செயற்படுவன.

இதே மாற்றம் தொழிற்சாலையிலும் நிகழ்ந்தது. 1961இல் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையிற் புகுந்த முதல் இயந்திரக்கை எண்ணெயமுக்கத்தால் இயங்கியது. 1974இற் சுவீடனின் ஆசியா நிறுவனம் முற்றிலும் மின்னால் இயங்கும் இயந்திரக்கையை வெளியிட்டது. கார்களின் சுக்கான் தொகுதியும் இதே வழியிற் சென்றது. கோடிக்கணக்கிற் கார் உறுப்புகள் செய்யப்பட்டமையாலேயே மோட்டரின் விலை குறைந்தது, நம்பகம் கூடியது. எனவே, போர்த்துறை கண்டுபிடித்தது, வாணிகத்துறை பெற்றுக்கொண்டது என்று எளிதாகக் கூறிவிட இயலாது. அறிவு இரு திசைகளிலும் பாய்ந்தது. பல நாட்டுத் தொழிலாளரின் கைத்திறனும் பல தலைமுறைகளின் விஞ்ஞான உழைப்பும் அதில் உறைந்துள்ளன. அது சமூகம் முழுவதன் ஆக்கம்; அதன் உடைமை மட்டும் தனியாருடையது.

இத்தொழில்நுட்பம் இன்னும் முழுமை பெற்றதன்று. எண்ணெய், சக்தியைக் கடத்துவதோடு வெப்பத்தையும் அள்ளிச் சென்றது. மின்மோட்டரில் எழும் வெப்பம் இறக்கையின் ஒடுங்கிய இடத்திலேயே தங்கிவிடுகின்றது. பற்சில்லோ திருகாணியோ இறுகிக்கொண்டால் தளம் அப்படியே நின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. முதன்மைத் தளங்களிற் சிறுபம்பியுடன் கூடிய முதல் வகையே பெரிதும் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

4

மின்னியக்கியின் உயிர்நாடி காந்தம். சிறிய மோட்டர் பெரும்பலத்தைத் தரவேண்டுமாயின் மிக வலிய நிலைக்காந்தம் வேண்டும். அதன் வரலாறு உலக முதலாளித்துவத்தின் வரலாற்றைச் சுருக்கிக் காட்டுவது.

1960களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்க வான்படையின் ஆய்வுகூடத்திற் கார்ல் ஸ்ற்ர்நாற் முதலியோர் நடத்திய ஆய்வு, அருமண் மூலகங்களும் கோபாற்றும் சேர்ந்த காந்தங்களுக்கு வழி திறந்தது. சமாரியம்-கோபாற்றுக் காந்தம் வெப்பத்திலும் வலுக்குன்றாதது. ஆனால் கோபாற்று, அன்று சயர் எனப்பட்ட கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1978இற் சயரின் சாபா மாகாணத்தில் ஏற்பட்ட போரினாற் கோபாற்றின் விலை பன்மடங்காயிற்று. ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் மண்ணில் நிகழ்ந்த கொந்தளிப்பு, கோபாற்று வேண்டாத காந்தத்தைத் தேடும் முயற்சியைத் தூண்டியது. 1983இல் யப்பானின் சுமிற்றோமோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாற்றோ சகாவாவும் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளரும் தனித்தனியே நியோடிமியம், இரும்பு, போரன் சேர்ந்த காந்தத்தை அறிவித்தனர்.

ஜெனரல் மோட்டர்ஸ் இக்காந்தத்துக்கென அமைத்த தொழிற்பிரிவு 1995இற் சீன மூலதனம் பங்குகொண்ட கூட்டொன்றுக்கு விற்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் இந்தியானா மாநிலத்துத் தொழிலாளர் வேலை இழந்தனர். பொறிகள் சீனாவுக்குச் சென்றன. இலாபத்தை நாடிய மூலதனம் தேசபக்தியைப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவை 2022 செப்ரெம்பரிற் காணமுடிந்தது. எஃப்-35 விமானத்தின் பகுதியொன்றிற் சீனாவிற் செய்யப்பட்ட சமாரியம்-கோபாற்றுக் கலப்புலோகம் இருப்பது தெரியவந்தமையால் புதிய விமானங்களைப் பெறுவதை ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் சிலகாலம் நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் சமாரியம் உட்பட ஏழு அருமண் மூலகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமெனச் சீன அரசு விதித்தது. அதற்குக் காட்டிய காரணம், அவை இருபயன் பொருட்கள் என்பதே. கார்த் தொழிற்சாலைகளும் போர்விமானத் தொழிற்சாலைகளும் ஒரே நாளிற் கலங்கின.

5

இவ்விடத்தில் நாம் மீண்டும் யாழ்ப்பாணத்திற்கு வருகின்றோம். 1990இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி முதலியவற்றுக்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. பற்றரி ஏன் தடைசெய்யப்பட்டது? வானொலிக்கும் கைவிளக்கிற்கும் உதவும் அதே பற்றரி கண்ணிவெடிக்கும் உதவும் என்பதால். அக்காரணம் முற்றிலும் பொய்யன்று; பற்றரி அவ்வாறும் பயன்பட்டது. ஆனால் அத்தடையின் அடிப்படையிலே நின்றதும் ‘இருபயன்’ என்னும் இதே கருத்துத்தான் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இங்கேயே அச்சொல்லின் வர்க்கப் பண்பு புலனாகின்றது. வளர்ந்த நாடுகளின் ஆயுத நிறுவனங்களுக்கு ‘இருபயன்’ என்பது அரச நிதியைப் பெறுவதற்கான தகுதி. போருக்கென்று கேட்டாற் கிடையாத பணம், வாணிகத்திற்கும் உதவும் என்றால் இலகுவிற் கிடைக்கின்றது. வாணிகத்திற்கென்று கேட்டாற் கிடையாதது, நாட்டின் பாதுகாப்பு என்றாற் கிடைக்கின்றது. பலமற்றவருக்கோ அதே சொல் தடையுத்தரவு. 1996இல் உருவான வசெனார் உடன்பாட்டின் பட்டியல்கள் எந்த நாட்டுக்கு எந்த மோட்டர், எந்தக் கணிப்பொறி செல்லலாம் என்று வரையறுக்கத் துணைசெய்கின்றன. குடாநாட்டின் பற்றரித் தடை அதே தர்க்கத்தின் உள்ளூர் வடிவம். பொறியின் பயன் இரண்டு என்பது மெய்யே. அவ்விரண்டனுள் எது எவருக்கு என்பதைத் தீர்மானிப்பது பொறியன்று, அதிகாரம்.

தடைக்கு மக்கள் அளித்த விடையும் ஈண்டு நினைக்கத்தக்கது. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். போத்தலினுள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கில் மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். அத்தைனமோவினுள் இருந்தது யாது? ஒரு நிலைக்காந்தமும் ஒரு கம்பிச்சுருளும். மின்னியக்கியின் மோட்டரினுள் இருப்பனவும் அடிப்படையில் அவையே. முன்னதில் அசைவு மின்னாகின்றது. பின்னதில் மின் அசைவாகின்றது. இரண்டும் ஒரே பௌதிக விதியின் இரு முகங்கள்.

இவ்வொப்புமையை நாம் பெருமைக்காகக் கூறவில்லை. வறுமையின் கண்டுபிடிப்புகளைப் புகழ்ந்து, அவ்வறுமையை விதித்தவரை மறந்துவிடுதல் ஒருவகைப் பிற்போக்கு. தைனமோவைச் சுழற்றிய கை அதற்குமேற் செல்ல இயலாதிருந்தது. பட்டறையும் இல்லை, பொருளும் இல்லை, அமைதியும் இல்லை. 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு வீழ்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு சமூகத்தின் அறிவாற்றல் முழுவதும் உயிர்பிழைத்தலிற் செலவழிந்தது என்பதே அக்காலத்தின் உண்மையான இழப்புக்கணக்கு.

6

இன்றைய நிலை யாது? திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று, உருத்தைல், சிர்க்கோன் ஆகியவற்றுடன் சிறிதளவு மொனசைற்றும் உண்டு. அருமண் மூலகங்கள் மொனசைற்றில் அடங்கியுள்ளன. கன்னியாகுமரிப் பகுதியின் மணவாளக்குறிச்சியில் 1909இல் மொனசைற்று இனங்காணப்பட்டபோது, ஐரோப்பிய வாயுவிளக்குத் திரிகளுக்கான தோரியத்தின் பொருட்டு அம்மணல் கப்பலேறியது. விளக்கு வெளிச்சம் அங்கே, மணல் இழந்த கரை இங்கே. இந்தியா 2023இல் விசாகப்பட்டினத்திற் சமாரியம்-கோபாற்றுக் காந்த ஆலையைத் தொடக்கியது. பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளித் துறைகளின் தேவையே அதன் முதல் நோக்கம். புல்மோட்டைக் கனியமணலோ பெரும்பாலும் பதனிடப்படாத மூலப்பொருளாகவே நெடுங்காலம் ஏற்றுமதியாகி வந்தது.

அருமண்ணைப் பிரித்தெடுக்கும் தொழில் கதிரியக்கக் கழிவையும் அமிலக் கழிவையும் விட்டுச்செல்வது. ஆகவே ‘எமது மண்ணிற் காந்தம் செய்வோம்’ என்று முழங்குவது மட்டும் முற்போக்கு ஆகாது. அக்கரையின் மீனவர், ஆலையின் தொழிலாளர், கிணற்றுநீரை நம்பிய விவசாயி ஆகியோர் தீர்மானத்திற் பங்குபெறும்போதே அத்தொழில் மக்கள் தொழிலாகும். கிளிநொச்சியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் பயிலும் இளைஞர், தாம் வடிவமைக்கும் மோட்டர் எவருடைய நீரை இறைக்கும், எவருடைய இறக்கையை அசைக்கும் என்று வினாவும் உரிமை உடையவராதல் வேண்டும். அவ்வினாவைத் தமிழில் எழுப்புவதற்கான சொற்களை ஆக்கித் தருதல் எம்போன்றோர் கடமை.

இறுதியாக ஒன்று. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து அத்தளத்தின் வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் அது மீண்டும் படைத்தளமாயிற்று. 2019 ஒக்ரோபர் 17ஆம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கு வந்திறங்கும் ஏ.ரி.ஆர்.-72 விமானத்தில் முதன்மைத் தளங்களை இன்னும் கம்பிவடங்களே அசைக்கின்றன. அவற்றின் விளிம்பிலுள்ள சிறு சமன்செய் தகடுகளை மட்டும் மின்மோட்டர் அசைக்கின்றது. ஓடுபாதை ஒன்றே, வான்படைக்கும் பயணிகளுக்கும் பொது. ‘இருபயன்’ என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் இருபயன் என்ற கணக்கில் விடுபட்ட மூன்றாவது பயன் ஒன்றுண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகளிற் பகுதிகள் 2009இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எஞ்சியவை இன்னும் வேலிக்கு அப்பாலேயே உள்ளன. அச்செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளைந்தன. துலா மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேலியின் இப்புறத்தில் நின்று விமானம் இறங்குவதைப் பார்க்கின்றனர். ஒரு தொழில்நுட்பத்தின் பயன்கள் இரண்டெனக் கூறுவோரிடம், அவ்விரண்டுக்கும் இடங்கொடுத்த நிலம் எவருடையது என்று கேட்பதிலிருந்தே எமது ஆய்வு தொடங்கவேண்டும்.